ஒரு பொத்தானும் ஒரு விமானமும்

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்கின்ற நமக்கு ரேடியோ அலையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், ஒரு காலத்தில் மாலை வேளைகளில் வானொலிப் பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திச் சென்னை நிலையத்தின் குரலைத் தேடிப் பிடித்ததுண்டு. இரைச்சலுக்கும் கரகரப்புக்கும் நடுவே ஒரு சொல் தெளிவாகக் காதில் விழுந்துவிட்டால் போதும், மனம் நிறைந்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத அவ்வலை பாட்டையும் செய்தியையும் மட்டுமா சுமந்து வருகிறது? ஆணையையும் அது சுமந்து செல்ல வல்லது. அவ்வாறு ஆணை சுமந்த ரேடியோ அலையின் வரலாற்றில், விளையாட்டென்று பலராலும் ஒதுக்கப்பட்ட ஓர் அத்தியாயத்தையே இங்கே நாம் ஆராயப் புகுகின்றோம்.

காட்சி இதுதான். திறந்த வெளியில் ஒரு சிறு விமானம் பறந்துகொண்டிருக்கிறது. அதன் இறக்கை, முனைக்கு முனை மூன்று அல்லது நான்கு அடி இருக்கும். உள்ளே மனிதன் இல்லை. விமானத்தையும் தரையையும் இணைக்கும் கயிறோ கம்பியோ இல்லை. தரையில் நிற்பவர் கையில் ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. அதனை அவர் அழுத்தலாம், அல்லது விடலாம். இவ்விரண்டையன்றி மூன்றாவது செயல் அவருக்கு இல்லை. தந்தி அலுவலகங்கள் இருந்த நாளில் தந்திக்காரர் தட்டிய சாவியைப் போன்றதே இப்பொத்தானும். இம்முறைக்குச் ‘சிங்கிள் சானல்’, அதாவது ஒற்றைத் தடம் என்று பெயர். ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் ஆயிரக்கணக்கானோர் இவ்வொற்றைப் பொத்தானைக் கொண்டே விமானம் பறக்கவிட்டனர்.

இஃது எங்ஙனம் இயலும் என்று கேட்பது நியாயமே. மெய்யான விமானத்தை ஓட்டுபவருக்கு இரண்டு கைகளும் இரண்டு கால்களும் போதாமல் இருக்கின்றன. மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டும். இறக்கைகளைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் வேண்டும். சுக்கானைத் திருப்ப வேண்டும். இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இத்தனை வேலைகளையும் ஒரு பொத்தான் செய்வதெப்படி? செய்யவில்லை என்பதே விடை. வேலைகளிற் பெரும்பகுதியை விமானமே தனக்குத்தானே செய்துகொண்டது. மனிதன் செய்தது இடையிடையே ஒரு குறிப்புக் கொடுத்ததுதான். இந்த உண்மையை மனத்திற் கொண்டால் ஒற்றைத் தடத்தின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

தானே நிலைத்துப் பறக்கும் விமானத்தை உலகிற்குக் காட்டியவர் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சுக்காரர். இடுப்பு நோயால் கடற்படையிற் சேர இயலாது போன அவ்விளைஞர் தம் கருத்து முழுவதையும் பறக்கும் கலையிற் செலுத்தினார். 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ் நகரத்துத் துய்லெரீ தோட்டத்தில், அறிஞர் சிலர் முன்னிலையில், 16 கிராம் எடையுள்ள தம் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பர் இழையே அதன் இயந்திரம். 11 வினாடிகளில் அது ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் பறந்தது. தூரம் சிறிதே, ஆயினும் அதன் அமைப்பு பெரிது. இறக்கை முனைகள் மேல்நோக்கி வளைந்திருந்தன. காற்று ஒரு பக்கம் தள்ளிச் சாய்த்தாலும் அவ்வளைவு விமானத்தை மீண்டும் நிமிர்த்திவிடும். பின்னால் இருந்த வால், மூக்கு தாழ்ந்தால் உயர்த்தும், உயர்ந்தால் தாழ்த்தும். தராசு முள் அசைந்தசைந்து நடுவில் வந்து நிற்பதைப் போல் அவ்விமானம் தன் நிலையைத் தானே தேடிக்கொண்டது. ரைட் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது, 1878ஆம் ஆண்டில், அவர்தம் தந்தையார் வாங்கிவந்து கொடுத்த பறக்கும் பொம்மையும் பெனோவின் அமைப்பைத் தழுவியதேயாகும்.

நிலைத்துப் பறத்தல் ஒருபுறம் இருக்க, தொலைவிலிருந்து ஆணையிடுதல் மற்றொரு புறம் வளர்ந்தது. இதில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. கல்கத்தாவில் 1895ஆம் ஆண்டளவில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு சோதனை நிகழ்த்தினார். மின் அலையைச் சுவர்களை ஊடுருவிச் செல்லும்படி அனுப்பி, அப்பாலுள்ள மணியொன்றை அடிக்கச் செய்தார். வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். கம்பியின்றிப் பேச வேண்டும் என்று உலகம் எண்ணிக்கொண்டிருந்த காலத்திலேயே, கம்பியின்றி ஒரு காரியத்தைச் செய்விக்கலாம் என்பதை அச்சோதனை புலப்படுத்தியது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1898இல், நியூயார்க் நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் நிகோலா டெஸ்லா ஒரு படகைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டார். அவர் அலை அனுப்பியபோதெல்லாம் படகு வலமும் இடமும் திரும்பியது, விளக்குகள் மின்னின. பார்த்தவர்களுள் சிலர் இது மந்திரம் என்றனராம். உள்ளே பழக்கப்பட்ட குரங்கு ஒளிந்திருப்பதாகச் சொன்னோரும் உண்டாம். அதே ஆண்டு நவம்பரில் டெஸ்லா இதற்குக் காப்புரிமையும் பெற்றார். நாம் இங்கே கவனிக்க வேண்டியது அவர் கையாண்ட உபாயத்தை. அலை சுமந்து சென்றது ஒரே வகைத் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிற்கும் படகினுள்ளிருந்த ஒரு வட்டத்தகடு ஒரு படி நகர்ந்தது. அந்தப் படிகளின் வரிசையே சுக்கானுக்குத் திசை சொல்லிற்று. ஒரே சொல்லை அடுத்தடுத்துச் சொல்லிப் பல பொருளை உணர்த்தும் இந்த முறையே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சிறு விமானங்களுள் மறுபிறவி எடுத்தது.

இடைக்காலத்தில் படைத்துறையினர் இதனை விடவில்லை. முதல் உலகப் போரின்போது, 1917இல், பிரிட்டனில் ஆர்ச்சிபால்டு லோ என்பவர் ஆளில்லா விமானத்தை ரேடியோவால் இயக்க முயன்றார். 1935இல் ‘குயின் பீ’ என்ற ஆளில்லா விமானம் பிரிட்டிஷ் படையில் இடம்பெற்றது. பீரங்கிப் படையினர் குறிபார்த்துச் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு அது. டெலிபோனில் எண் சுழற்றும் வட்டத்தைப் போன்ற ஒன்றைக் கொண்டு அதற்கு ஆணை கொடுத்தனர். ஆனால் இவையெல்லாம் அரசாங்கத்தின் பொருளும் தொழிற்சாலைகளின் வலிமையும் பின்னின்று தாங்கிய முயற்சிகள். வீட்டின் பின்கட்டில் அமர்ந்து பசையும் மரச்சில்லும் கொண்டு விமானம் செய்யும் ஒரு தனிமனிதருக்கு இது கைகூடுமா என்பதே அடுத்த கேள்வி.

அக்கேள்விக்கு 1937ஆம் ஆண்டு விடை கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்கா சென்று, அங்குள்ள தனியார் ரேடியோ ஆர்வலர் சங்கத்தின் பத்திரிகையிற் பணியாற்றிய ராஸ் ஹல் என்பவர், இயந்திரமற்ற மிதவை விமானமொன்றை அவ்வாண்டில் ரேடியோவால் இயக்கிக் காட்டினார். மறு ஆண்டே, தொலைக்காட்சிச் சோதனை ஒன்றில் உயர் அழுத்த மின்சாரம் தாக்கி அவர் உயிர் நீத்தார். அதே 1937இல் டிட்ராய்ட் நகரில் நடந்த தேசியப் போட்டியில் ரேடியோ விமானங்களுக்கென முதன்முறையாகத் தனிப் பிரிவு வைத்தனர். வந்தவை பல அல்ல. சிக்கலான கருவிகளோடு வந்தவை தடுமாற, மிக எளிய அமைப்போடு வந்த செஸ்டர் லான்சோ என்பவரின் விமானம் முதலிடம் பெற்றது. எளிமைக்குக் கிடைத்த அவ்வெற்றி, பின்வந்தவர்களுக்கு நல்ல பாடமாயிற்று.

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ என்னும் ஊரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் இருந்தனர். ஒருவருக்கு விமானம் கட்டுவதில் விருப்பம். மற்றவருக்கு ரேடியோவில் நாட்டம். இருவர் கலையும் ஒன்று சேர்ந்ததால் பிறந்தது ‘கப்’ என்னும் விமானம். இறக்கை ஏறத்தாழ எட்டு அடி. அதுவும் 1937இல் பறந்தது. பின்வந்த தேசியப் போட்டிகளில் பரிசுகளை வென்றது. திரும்பத் திரும்பப் பறந்து, சொன்ன இடத்திற்கு நம்பகமாக மீண்டுவந்த முதல் ரேடியோ விமானங்களுள் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சிச்சாலைக்கு அது பிற்காலத்தில் அளிக்கப்பெற்றது.

இனி, விமானத்தினுள்ளே நிகழ்வது யாதெனப் பார்ப்போம். அந்நாளைய வீட்டு வானொலிப் பெட்டி நான்கைந்து வால்வுகளோடு மேசையை நிறைத்து நின்றது. சிறு விமானமோ சில அவுன்சுகளுக்கு மேல் சுமக்க இயலாதது. ஆகவே ஒரே வால்வைக் கொண்டு தொலைதூர அலையைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதற்குத் துணை செய்தது எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1922இல் வெளியிட்ட ஓர் உத்தி. வால்வு பெருக்கித் தரும் மின்னோட்டத்தின் ஒரு பகுதியை மீண்டும் அதன் வாயிலிலேயே புகுத்தினால் அது மேலும் மேலும் பெருகும். அளவு மிஞ்சினால் தானே ஊளையிடத் தொடங்கும். அவ்வூளை எழத் தொடங்கும் விளிம்பு வரை விட்டு, உடனே அடக்கி, மறுபடி எழுப்பி, வினாடிக்குப் பல்லாயிரம் தடவை இவ்வாறு செய்தால், ஒற்றை வால்வே மிக நுண்ணிய அலையையும் உணர்ந்துவிடும். இத்தகைய பணிக்கென்றே 1938இல் அமெரிக்காவில் ஆர்.கே. 61 என்னும் சிறு வால்வு வெளிவந்தது. அதனுள் ஒருவகை வாயு அடைக்கப்பட்டிருந்தது. அலை வராதபோது அதன் வழியே ஓரளவு மின்னோட்டம் செல்லும். அலை வந்ததும் அவ்வோட்டம் சட்டெனக் குறையும். அக்குறைவை ஒரு ரிலே உணர்ந்து, வேறொரு பாட்டரியின் இணைப்பைத் திறக்கும் அல்லது மூடும். வால்வின் ஆயுளோ குறைவு. ஆகையால் பறக்கவிடாத வேளையில் அதனை ஒரு நொடியும் வீணாக எரியவிட மாட்டார்கள்.

ரிலே மூடியவுடன் மின்சாரம் சென்று சேரும் இடம் ‘எஸ்கேப்மெண்ட்’ என்னும் உறுப்பு. சுவர்க் கடிகாரத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஊசல் ஒவ்வொரு முறை அசையும்போதும் பற்சக்கரத்தை ஒரு பல்லளவு மட்டும் விடுவிக்கும் தடைக்கு அதே பெயர்தான். விமானத்தின் உடலுக்குள் நீளவாக்கில் முறுக்கிய ரப்பர் இழையொன்று கிடக்கும். அது ஒரு சிறு கையைச் சுழற்ற எந்நேரமும் துடித்துக்கொண்டிருக்கும். ஒரு மின்காந்தத்தின் நாக்கு அக்கையைத் தடுத்து நிறுத்தும். பொத்தானை அழுத்தினால் நாக்கு இழுபடும். கை கால் வட்டம் சுழன்று நிற்கும். சுக்கான் வலப்புறம் திரும்பும். பொத்தானை விட்டால் கை மேலும் கால் வட்டம் சுழலும். சுக்கான் நடுநிலைக்கு வரும். மறுபடி அழுத்தினால் இடப்புறம். விட்டால் மறுபடி நடு. வலம், நடு, இடம், நடு என்பதே மாறாத வரிசை.

இதிலுள்ள இடர்ப்பாட்டை நேயர்கள் உடனே உணர்ந்திருப்பர். கடைசியாகத் திரும்பியது வலமா இடமா என்பதை ஓட்டுபவர் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். மீண்டும் வலம் வேண்டுமாயின் இடையிலுள்ள இடத்தை ஒரு கணத்தில் தட்டித் தாண்டியாக வேண்டும். இரைச்சல் அலையொன்று குறுக்கிட்டு ஒரு துடிப்பைத் தானாகச் சேர்த்துவிட்டால் கணக்கு முழுதும் பிறழ்ந்துபோம். இக்குறையை நீக்கப் பின்னர்க் கூட்டு எஸ்கேப்மெண்ட் வந்தது. ஒருமுறை அழுத்திப் பிடித்தால் எப்போதும் வலம். தட்டிவிட்டு அழுத்திப் பிடித்தால் எப்போதும் இடம். இருமுறை தட்டிப் பிடித்தால் இயந்திர வேகம் மாறும் அல்லது வாற்சுக்கான் உயரும். ஓட்டுபவரின் நினைவிலிருந்த சுமை இப்படிக் கருவியின் பற்களுக்கு மாறிற்று. ஆயினும் ரப்பரின் முறுக்கு தீர்ந்துவிட்டால் எந்த ஆணையும் செல்லாது. ஆகவே ஒவ்வொரு பறப்பிற்கும் முன் முறுக்கேற்றுதல் மறவாத கடமையாயிற்று.

சுக்கான் மட்டுமே கையில் இருந்தும் வல்லவர்கள் வானில் வித்தைகள் காட்டினர். சுக்கானை ஒருபுறமே பிடித்திருந்தால் விமானம் சாய்ந்து, மூக்கு தாழ்ந்து, சுழன்றபடி இறங்கும், வேகம் மிகும். அப்போது பொத்தானை விட்டுவிட்டால், பெனோ கண்ட அதே நிலைப்பு விமானத்தை நிமிர்த்தும். மிஞ்சிய வேகம் அதனை மேலே தூக்கும். வேகம் போதுமாயின் முழு வளையமே இட்டுவிடும். பொத்தானை விடுவதே இங்கு வித்தையின் உயிர். எப்போது அழுத்துவது என்பதைவிட எப்போது விடுவது என்பதை அறிந்தவரே தேர்ந்தவர் ஆனார்.

இதனால் விமானம் கட்டும் வேலை பறக்கவிடும் வேலையைவிடப் பெரிதாயிற்று. தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலிருந்து வரும் பால்சா மரம், தக்கையைப் போல் இலேசானது. சவர அலகால் அறுக்கத் தக்கது. அதனால் சட்டம் கட்டி, மெல்லிய தாளோ பட்டோ போர்த்து, மெருகெண்ணெய் பூசி இறுக்குவர். கட்டி முடித்ததும் ரேடியோவை நம்பி வானில் விடுவதில்லை. முதலில் புல்வெளியில் இயந்திரமின்றிக் கையால் மெல்ல எறிந்து மிதக்கவிடுவர். மூக்கு தாழ்ந்தால் வாலின் கீழ் ஒரு சிறு சில்லை வைப்பர். ஒருபுறம் இழுத்தால் இறக்கையின் முறுக்கை நீராவியில் நேராக்குவர். பொத்தானைத் தொடாமலே விமானம் நேராகச் சென்று அமைதியாக இறங்கும்வரை இத்திருத்தம் ஓயாது. அதன்பின் ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு தொலைவில் நிற்க, மற்றவர் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். அத்தனையும் சரியானால்தான் இயந்திரம் முழங்கும்.

அவ்வியந்திரங்களும் வியப்புக்குரியவை. பிரிட்டனில் 1940களின் பிற்பகுதியில் மண்ணெண்ணெயும் ஈதரும் ஆமணக்கெண்ணெயும் கலந்து குடிக்கும் குட்டி டீசல்கள் பெருகின. மில்ஸ் என்னும் பெயர் கொண்டவை அவற்றுட் புகழ்பெற்றவை. அமெரிக்காவில் 1950களில் காக்ஸ் கம்பெனி ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைந்த கொள்ளளவுடைய இயந்திரங்களை வெளியிட்டது. உள்ளங்கையில் அடங்கும் இவை கிடைத்த பின்னரே, விமானம் எட்டு அடியிலிருந்து மூன்று அடிக்குச் சுருங்கிற்று. பள்ளி மாணவனின் கைக்கும் எட்டிற்று. தொட்டியில் ஊற்றும் எரிபொருளின் அளவே பறக்கும் நேரத்தின் அளவு. அது தீர்ந்ததும் விமானம் மிதந்து இறங்கும். காற்று வலுத்து, விமானத்தின் வேகத்தைக் காற்றின் வேகம் மிஞ்சிவிட்டால், எந்தப் பொத்தானும் அதனைத் திருப்பிக் கொண்டுவராது. பல மாதத்து இரவு உழைப்பு, கண்ணெதிரே ஒரு புள்ளியாகி மறைந்துபோவதும் உண்டு.

ஒரு செய்தியை இங்கே மறைத்தற்கில்லை. விளையாட்டு வெளியிற் பிறந்த இக்கலையைப் போர் உடனே தன்பால் இழுத்துக்கொண்டது. ரெஜினால்ட் டென்னி என்னும் ஆங்கிலேய நடிகர் 1930களில் ஹாலிவுட்டில் சிறு விமானக் கடை ஒன்று நடத்தி வந்தார். அவ்வார்வத்திலிருந்து எழுந்த ரேடியோபிளேன் கம்பெனி, இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிப் பயிற்சிக்கான இலக்கு விமானங்களை ஏறத்தாழ 15,000 என்ற அளவில் செய்து தள்ளியது. அத்தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த நார்மா ஜீன் என்னும் இளம்பெண்ணை இராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படமெடுத்ததும், அவரே பின்னர் மர்லின் மன்றோ என்று உலகறிந்த நடிகையானதும் ஒரு கிளைக்கதை. 1941இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் தனியார் ரேடியோ நிலையங்கள் யாவும் வாய் மூடின. வானலையை ஆளும் உரிமை படைகளுக்கே ஆயிற்று. இன்று ஆளில்லா விமானங்கள் போர்களிற் செய்யும் அழிவைச் செய்தித்தாளில் படிக்கும் நாம், அவற்றின் மூதாதையருள் ஒன்று சுடப்படுவதற்கென்றே செய்யப்பட்டது என்பதையும், மற்றொன்று பறக்கும் இன்பத்திற்கென்றே செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

போர் ஓய்ந்தபின் ஆர்வலர்கள் மீண்டும் வயல்வெளிக்கு வந்தனர். அவர்களுக்கு இருந்த பெருந்தடை சட்டம். அமெரிக்காவில் ரேடியோ விமானம் விட விரும்பியவர் மார்ஸ் ஒலிக்குறி கற்றுத் தேர்வு எழுதி உரிமம் பெற்றாக வேண்டும். 1950களில் அங்கும் பிரிட்டனிலும், 27 மெகாசைக்கிள் அளவிலான சிறு அலைவெளி தேர்வின்றித் திறந்துவிடப்பட்டது. நம் நாட்டு நிலையை நாம் அறிவோம். 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பியில்லாக் கருவியை வைத்திருக்க உரிமம் வேண்டியிருந்தது. 1980கள் வரையில் வீட்டு வானொலிப் பெட்டிக்கே தபாலாபீசில் பணம் கட்டி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்றவர்கள் நம்மிற் பலர். அத்தகைய நாளில் அலை அனுப்பும் கருவியை ஒரு மாணவன் கையில் கொடுப்பது எளிதாக இருந்திருக்க முடியாது.

27 மெகாசைக்கிள் அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதிற் காற்பங்கு ஒன்பது அடி. ஆகவே தொடக்க நாளில் அனுப்பும் கருவியைத் தரையில் வைத்து, ஆளுயரத்தை மிஞ்சிய கம்பத்தை அதன்மேல் நிறுத்தினர். நீண்ட கம்பியின் நுனியிலே பொத்தான் தொங்கிற்று. ஒற்றை வால்வு வாங்கிகளுக்கு இன்னொரு குணமுண்டு. அருகருகே உள்ள அலைகளைப் பிரித்தறிய அவற்றால் இயலாது. ஒருவர் விமானம் வானிலிருக்கையில் மற்றொருவர் தம் கருவியை முடுக்கினால் முதல்வர் விமானம் தரையில் மோதி நொறுங்கும். ஆகையால் ஒரு வெளியில் ஒரு நேரத்தில் ஒரே விமானம் என்பது எழுதா விதியாயிற்று. எத்தனை பேர் கூடினும் ஒருவர் பறக்கவிட மற்றவர் காத்திருந்தனர். பிற்காலத்தில் நுண்ணிய வாங்கிகள் வந்து 27 மெகாசைக்கிள் வெளி ஆறு இடங்களாகப் பகுக்கப்பட்டபோது, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் எனக் கொடிகள் வந்தன. தம் நிறத்தை வேறொருவர் பயன்படுத்துகிறாரா என்று பார்த்த பின்னரே ஒருவர் கருவியைத் தொடுவார். காற்றுவெளி பொதுச் சொத்து என்பதை அவர்கள் அரசாங்க ஆணையால் அன்று, ஒருவர் உழைப்பை ஒருவர் மதித்ததால் கற்றனர்.

1947இல் பிறந்த டிரான்சிஸ்டர், 1960களின் தொடக்கத்திற்குள் வால்வை விமானத்திலிருந்து இறக்கிவிட்டது. பெரிய பாட்டரி போயிற்று, எடை குறைந்தது. ஒற்றைத் தடத்திலேயே புதுமை நாடியவர்கள், பொத்தானுக்குப் பதிலாக இடைவிடாத துடிப்புகளை அனுப்பினர். துடிப்பின் நீளத்தால் சுக்கானையும், துடிப்பின் விரைவால் வாற்சுக்கானையும் வேண்டிய அளவு அசைக்கலாம் என்று கண்டனர். அவ்விமானம் குதிரை பாய்வதுபோல் தாவித் தாவிச் செல்வதால் இம்முறைக்குக் ‘காலோப்பிங் கோஸ்ட்’, பாய்ந்தோடும் பேய் என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். ஆனால் அதே 1960களில் டக் ஸ்ப்ரெங், டான் மாத்திஸ் என்னும் இருவர் எண்முறைக் கட்டுப்பாட்டை உருவாக்கினர். விரல் அசையும் அளவே சுக்கானும் அசைந்தது. எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டன. விலை குறையக் குறைய, 1970களில் ஒற்றைப் பொத்தான் மெல்ல மறைந்தது.

நம் நாட்டிலும் இக்கலை முற்றிலும் அறியப்படாததன்று. 1948இல் நிறுவப்பெற்ற தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு, சிறு விமானம் கட்டுதலைப் பயிற்சியின் பகுதியாகவே வைத்திருக்கிறது. கல்கத்தாவில் ‘அரோரா’ என்ற பெயரோடு மில்ஸ் வகைக் குட்டி டீசல்கள் செய்யப்பட்டு, வெளிநாட்டு ஆர்வலர் கைகளையும் சென்றடைந்தன. பெங்களூரில் உருவான ‘லட்சியா’ என்னும் ஆளில்லா இலக்கு விமானம், குயின் பீயின் பரம்பரையைச் சேர்ந்ததே. இந்நகரங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர், பிள்ளைகள் இக்கலையில் நாட்டங்கொண்டால், 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளையும் பறக்கவிடத் தகுந்த இடங்களையும் முதலில் அறிந்து வழிகாட்டுதல் நலம்.

இன்று கடையில் வாங்கும் பொறி, செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே நிற்கிறது. வழி தவறினால் தானே திரும்புகிறது. அங்ஙனமிருந்தும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதியோர் பலரும் இளைஞர் சிலரும் பழைய வரைபடங்களைத் தேடியெடுத்து, ஒற்றைப் பொத்தான் விமானங்களை மீண்டும் கட்டுகின்றனர். பழைய எஸ்கேப்மெண்டைத் துடைத்து எண்ணெயிட்டுப் பயன்படுத்துவோர் உண்டு. புதிய கருவியின்மேல் ஒரே ஒரு பொத்தானைப் பொருத்திப் பழைய முறையை நடிக்கச் செய்வோரும் உண்டு. இதனைப் பழமை மோகம் என்று மட்டும் தள்ளிவிடுதல் தகாது. எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பதே ஆற்றல் என்று நம் காலம் கருதுகிறது. அவர்கள் நாடுவதோ வேறோர் ஆற்றலை. ஒன்றை நன்றாகச் செய்து, அதன் நிலைப்பைச் சோதித்து, பின் அதனை நம்பி வானில் விட்டு, வேண்டும்போது மட்டும் ஒரு குறிப்புச் சொல்லி மற்ற நேரமெல்லாம் வாளாவிருக்கும் ஆற்றல் அது.

பிள்ளைகளைப் படிப்பித்துத் தொலைவூர்களுக்கு அனுப்பியவர்களும், அவ்வாறு அனுப்பப்பட்டு வந்தவர்களும் ஆகிய நமக்கு இது புரியாத செய்தியன்று. நாள்தோறும் கைபிடித்து நடத்த இயலாது. கிடைப்பது ஓரிரு சொல்லே. அச்சொல் பயன்படுவதும் படாததும், புறப்படுமுன் அமைத்த அமைப்பைப் பொறுத்தது. பெனோவின் 16 கிராம் விமானம் தொடங்கி, மூன்றடி இறக்கையோடு வயல்வெளிகளில் வட்டமிட்ட விமானங்கள் வரை, ஒற்றைத் தடத்தின் வரலாறு நமக்கு உரைப்பதும் இதுவே.